ஆங்கில வழக்கிற் பொன்

ஆடகம், கிளிச்சிறை, சாதரூபம், சாம்பூநதம் எனப் பொன்னை நால்வகைப்படுத்தி, அதற்குப் பெயர்கள் பலவற்றை நிரல்பட உரைப்பன நம் நிகண்டுகள். ஆங்கிலத்திலோ அவ்வுலோகத்துக்கு இயற்பெயராய் நிற்பது 'கோல்ட்' என்னும் ஒரு சொல்லே. எனினும், ஆங்கிலேயர் தம் அன்றாட வழக்கிற் பொன்னைச் சுட்டிய சொற்கள் வேறு சிலவும் உள. அவை புலவர் நாவிற் பிறந்தனவல்ல. நாணயசாலையிலும் கடைவீதியிலும் பிறந்தன. நாணயங்கள் மறைந்த பின்னரும் அவற்றின் பெயர்கள் நிலைத்து நின்று, பழைய வரலாற்றை நமக்கு உணர்த்துகின்றன. அவற்றுட் சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

'கோல்ட்' என்பது பழைய ஆங்கிலக் காலந்தொட்டு வழங்கும் சொல். ஒளிர்தல், மஞ்சள் நிறமாதல் ஆகிய பொருள்களைத் தரும் இந்தோ-ஐரோப்பிய வேரினின்றும் அது தோன்றிற்று என்பர் மொழிநூலார். மஞ்சளைக் குறிக்கும் 'யெலோ' என்னும் ஆங்கிலச் சொல்லும், 'ஹிரண்ய' என்னும் வடசொல்லும் அவ்வேரின் கிளைகளே. நிறத்தாற் பெயர்பெற்ற பொருள், பின்னர் நற்குணத்துக்கும் உவமையாயிற்று. குறும்பு செய்யாத குழந்தையைப் பொன்னுக்கு ஒப்பிடுதல் ஆங்கிலேயர் மரபு. இதற்கு மாறாக, 'கில்ட்' என்னும் கிளைச்சொல் முலாம் பூசப்பட்டதைக் குறிக்கும். வியப்பு யாதெனில், மிக்க நம்பிக்கைக்குரியவை எனப்படும் பிரித்தானிய அரசின் கடன்பத்திரங்கள் இன்றும் அம்முலாத்தின் பெயராலேயே வழங்குகின்றன.

பொன்னின் மாற்றைக் கூறும் 'கரட்' என்னும் சொல் நெடுந்தூரம் பயணஞ் செய்து வந்தது. கரோப் மர விதையைக் குறித்த கிரேக்கச் சொல், அரபியர் நாவில் 'கீராத்' ஆகி, இத்தாலி, பிரான்சு ஆகிய நாடுகளின் வழியாக இங்கிலாந்தை அடைந்தது. விதை சிறு நிறைக்கு அளவாயிருந்தமையே இதற்குக் காரணம். இன்று கலப்பற்ற பொன் 24 கரட் எனக் கொள்ளப்படும்.

நாணயப் பெயர்களுள் வரலாறு செறிந்தது 'கினி'. இரண்டாம் சாள்ஸ் மன்னன் ஆட்சியில், 1663 ஆம் ஆண்டில், இருபது சிலிங் மதிப்புள்ள பொன் நாணயம் ஒன்று வெளியிடப்பட்டது. அதற்கு வேண்டிய பொன்னிற் பெரும்பகுதி மேற்கு ஆபிரிக்காவின் கினிக் கரையினின்றும் வந்தமையால், மக்கள் அந்நிலத்தின் பெயரையே நாணயத்துக்கு இட்டு வழங்கினர். பொன்னைக் கொணர்ந்த வணிகக் கழகத்தின் குறியாகிய யானை, மன்னன் தலையின் கீழ்ப் பொறிக்கப்பட்டது. அக்கழகத்தார் பொன்னோடு மனிதரையும் அடிமைகளாக விற்றவர் என்பதை நாம் மறத்தலாகாது. வெள்ளி நாணயங்கள் ஓரங் கத்தரிக்கப்பட்டு மதிப்புக் குன்றியபோது, கினியின் விலை முப்பது சிலிங் வரை ஏறிற்று. பின்னர் 1717 இல், நாணயசாலைத் தலைவராயிருந்த ஐசாக் நியூற்றன் அளித்த அறிக்கையின் பேரில், அஃது இருபத்தொரு சிலிங் என வரையறுக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கினி அடித்தல் நின்றது; ஆயினும் பெயர் நிற்கவில்லை. வைத்தியரும் வழக்கறிஞரும் தம் கட்டணத்தைக் கினியிலேயே கூறினர். பந்தயக் குதிரைகளும் கினிக் கணக்கில் விலைபோயின. கடைக்காரனுக்குப் பவுண், கற்றோனுக்குக் கினி என்பது வழக்கு. இடையிலிருந்த வேற்றுமை ஒரு சிலிங்தான். ஆனால் அவ்வொரு சிலிங்கிலே சமூக மதிப்பு அடங்கியிருந்தது.

இனிப் 'பவுண்' என்னுஞ் சொல்லை நோக்குவாம். அது முதலிற் பொன்னைக் குறித்ததன்று, நிறையைக் குறித்தது. ஓர் இறாத்தல் வெள்ளியினின்றும் 240 பென்னிகள் அடிக்கப்பட்டமையால், அத்தொகை பவுண் எனப்பட்டது. ஏழாம் ஹென்றி மன்னன் 1489 இல், தான் அரியணையில் வீற்றிருக்கும் உருவம் பொறித்து வெளியிட்ட பொன் நாணயம், அரசன் என்னும் பொருள்பட 'சொவரின்' எனப் பெயர் பெற்றது. அப்பெயரே 1817 இல் ஒரு பவுண் மதிப்புள்ள புதிய பொன் நாணயத்துக்கு இடப்பட்டது. 22 கரட் மாற்றும், ஏறத்தாழ 7.99 கிராம் நிறையும் உடைய அந்நாணயத்தால், வெள்ளியின் பெயர் பொன்னின் பெயராயிற்று. 1914 இற் போர் மூண்டபோது சொவரின் புழக்கத்தினின்றும் விலகத் தாள் நாணயம் வந்தது. 1925 இல் இங்கிலாந்து பொன் நியமத்துக்கு மீண்டதாயினும், 1931 செத்தெம்பர் 21 இல் அதனை அறவே கைவிட்டது. பவுண் அங்கே நின்றது; பொன் நீங்கியது.

நம் நாட்டில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு. தமிழகத்தார் 'சவரன்' என்பதும், யாழ்ப்பாணத்தார் 'பவுண்' என்பதும் அவ்வொரு நாணயத்தின் இரு பெயர்களே. நாணயத்தை நாம் கண்டிலோம்; அதன் நிறை மாத்திரம் எட்டுக் கிராம் என நம்மவர் கணக்கில் நிலைத்துவிட்டது. தாலிக்கொடி எத்தனை பவுணில் என்று வினவுகிறோம். பவுண் சங்கிலி என்னும்போது பொன்னையே கருதுகிறோம். வெள்ளியின் நிறையாய்ப் பிறந்து, பொன் நாணயமாய் வளர்ந்து, பிறந்த நாட்டிலே தாளாய் மெலிந்த அச்சொல், நம் பொற்கொல்லர் தராசிலே பொன்னாய் வாழ்கின்றது. அகராதியிற் சொல்லின் பொருளைத் தேடும் மாணவர், அது கடந்து வந்த வழியையும் உடன் தேடுவாராயின், வரலாற்று நூல்கள் கூறாத பலவற்றைச் சொற்களே அவர்க்குக் கூறும்.