மூடிய காரா, திறந்த காரா? தீவகத்துக்கு வந்த மொரிஸ் மைனர்கள்

பழைய விளையாட்டுக் கார் ஒன்றை வாங்க விரும்புபவர்களிடம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. நிலையான கூரையுள்ள கூப் வண்டியை வாங்குவதா, கூரையை மடித்துப் பின்னால் வைத்துக்கொள்ளும் கன்வேர்ட்டிபிள் வண்டியை வாங்குவதா? புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த நம் பிள்ளைகள் பலரும் இதைத் தங்கள் தலைமுறைக்கே உரிய கேள்வியாக நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தீவுகளில் அவர்களுடைய பாட்டன்மார் இதே கேள்வியை அரை நூற்றாண்டுக்கு முன்பே கேட்டு, ஒரு பதிலையும் கண்டுபிடித்திருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கூப் என்பது 'வெட்டு' என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. எதிரெதிராக இரண்டு இருக்கைகள் கொண்ட குதிரை வண்டியில் ஒரு பகுதியை வெட்டிக் குறுக்கியபோது அந்த வண்டிக்கு இப்பெயர் வந்தது. இரயிலில் இருவர் மட்டும் பயணம் செய்யும் சிற்றறையைக் 'கூபே' என்று நாம் சொல்வதும் இதே சொல்தான். கார்களின் வரலாற்றிலோ திறந்த வண்டியே மூத்தது. 1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழ 10 விழுக்காடுதான் மூடியவை. 1927இல் அது 85 விழுக்காடாயிற்று. எட்டே ஆண்டுகளில் உலகம் கூரைக்கு மாறிவிட்டது. அதன் பின்னர் திறந்த கார் என்பது தேவையின் பொருட்டன்றி ஆசையின் பொருட்டு வாங்கும் பொருளாகிவிட்டது.

நம் கதை 1948இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொரிஸ் மைனர் அறிமுகமானது. வடிவமைத்தவர் இன்றைய துருக்கியின் இஸ்மீர் நகரில் பிறந்த அலெக் இஸிகோனிஸ். பின்னாளில் மினி காரை உருவாக்கியவரும் இவரே. மாதிரி வண்டி ஒடுக்கமாக இருக்கிறது என்று கருதி, அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி நான்கு அங்குலம் அகட்டினார். முன்பே செய்துவைத்திருந்த பம்பர்களும் குறுகிப்போனதால் அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுத்துண்டு வைத்தார்கள். மைனர் முதன்முதலில் வெளிவந்தது இரண்டு உருவங்களில்தான்: இரண்டு கதவுள்ள மூடிய கார், துணி ஹூட் போட்ட திறந்த கார். நான்கு கதவு வண்டி 1950இல் வந்தது. இது விளையாட்டுக் கார் அல்லவே என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். சைக்கிளும் மாட்டு வண்டியும் ஓடிய தெருவில் அதைவிட வேகமான விளையாட்டு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கொழும்பிலும் தென்னிலங்கையின் சிறு பட்டினங்களிலும் கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்திருந்த புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை வணிகர்கள் வழியாகவே பெரும்பாலான கார்கள் தீவகத்துக்கு வந்தன. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி இறுகிப்போனபின், நம்மவர்க்குப் பழைய கார் சந்தை ஒன்றே கதி. அந்தச் சந்தையில் பழைய காருக்கு இன்னொரு மதிப்பும் இருந்தது. 1957 முதல் புதிதாகப் பதியும் வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துடன் இலக்கத் தகடு வந்தது. அதைத் தமிழ்ப் பகுதிகள் எதிர்த்தன. 1958இல் அரசுடைமையான பஸ்கள் அந்த எழுத்துடன் வடக்குக்கு வந்தபோது தகடுகளில் தார் பூசப்பட்டது. தெற்கில் அதற்குப் பதிலாகத் தமிழ் எழுத்துகள் தார் பூசப்பட்டன. அந்த ஏப்ரலிலேயே பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் கிழிந்தது. 1957க்கு முந்திய காரில் 'ஈ.எல்.', 'ஈ.என்.' என்று 'சிலோன்' என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகளே இருந்தன. கார் வாங்கப் போனவர் எஞ்சினைத் திறப்பதற்கு முன் தகட்டைப் பார்த்தார் என்றால் அது மிகையன்று.

என் பெரியப்பா வேலணையில் கடை வைத்திருந்தவர். 1960களின் நடுப்பகுதியில் அவருக்கு இரண்டு மைனர்கள் விலைக்கு வந்தன. ஒன்று மூடியது, மற்றது திறந்தது. திறந்தது கண்ணைப் பறித்தது. கல்யாண ஊர்வலத்துக்குப் பட்டினத்திலிருந்து வாடகைக்கு வரும் திறந்த கார்களைப் பார்த்து ஏங்கிய சிறுவர்களாகிய எங்கள் வாக்கு முழுவதும் அதற்கே. பெரியப்பாவோ கராச்காரர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் செய்த சோதனையை இன்றைக்கும் எவரும் செய்யலாம். திறந்த காரின் பக்கவாட்டில் ஜாக் வைத்துச் சற்று உயர்த்தினார். பிறகு கதவைத் திறந்து மூடப் பார்த்தார். கதவு பூட்டில் விழவில்லை.

காரணத்தை விளக்கவேண்டும். மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடலும் தளமும் கூரையும் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. கூரையை எடுத்துவிட்டால் அந்தப் பாரம் கதவடிப் பெட்டிகளின் மேல் விழும். தொழிற்சாலை அதை உணர்ந்து கூடுதல் தகடுகள் வைத்தது. ஆனால் அந்தப் பெட்டிகளே துருவுக்குப் பிடித்த இடம். யாழ்ப்பாணத்திலிருந்து வேலணைக்குப் பண்ணைத் தாம்போதியைக் கடக்கவேண்டும். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கு வாணர் பாலத்தைக் கடக்கவேண்டும். இரண்டிலும் இருபுறமும் பரவைக் கடல். சோளகம் வீசும் மாதங்களில் உப்புநீர்த் திவலை வண்டியின் அடிவயிற்றில் அடிக்கும். மூடிய காரில் துரு பிடித்தால் ஒட்டுப் போட்டு ஓட்டலாம். திறந்த காரில் அதே துரு வண்டியை நடுவில் தொய்யவைக்கும். குளிர்காலத்தில் வீதியெங்கும் உப்புத் தூவும் கனடாவில் பழைய கார் வாங்குபவர்க்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

ஹூட் துணிக்கும் தீவகம் பகைதான். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலின் ஆனித் திருவிழாவுக்குப் போகிறவர்கள் குறிகாட்டுவானில் காரை நிறுத்திவிட்டுத்தான் படகேற வேண்டும். பகல் முழுவதும் வெய்யிலிலும் உப்புக்காற்றிலும் நின்ற துணி எத்தனை ஆண்டு தாங்கும்? நெடுந்தீவுக்கு இந்தக் கேள்வியே எட்டவில்லை. காரைப் படகில் ஏற்றி ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலைக் கடந்து, பவளக்கல் மதில்களுக்கு இடையே ஓட்டுவதற்கு யாருக்கு மனம் வரும்? அங்கே குதிரைகளே போதுமாயிருந்தன.

பெரியப்பா மூடியதை வாங்கினார். அவர் சொன்ன காரணம் துருவும் அல்ல, துணியும் அல்ல. "கூரை இருந்தால் மேலே சாமான் கட்டலாம்" என்றார். கடைக்காரர் கணக்கு. அன்று எங்களுக்கு அது கசந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தது. வடக்குக்கு எரிபொருள் தடையாயிற்று. அப்போதுதான் இந்தப் பழைய ஆங்கிலக் கார்களின் அருமை தெரிந்தது. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு. அழுத்தம் கூடிய புதிய எஞ்சினில் அது தட்டும், எளிதில் ஆவியாகவும் மாட்டாது. அழுத்தம் குறைந்த பழைய மொரிஸ், ஒஸ்ரின் எஞ்சின்களோ சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயக்கிச் சூடேற்றியபின் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டே ஓடின. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்வதால் எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது. புகையையும் நெடியையும் அந்நாளில் அங்கு வாழ்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பக்கம் திறந்த தட்டிவான்கள் மீண்டும் வீதிக்கு வந்த காலமும் அதுவே. அவற்றைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

1990, 91ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளில் தீவக மக்கள் பெருமளவில் ஊரைவிட்டு வெளியேறினார்கள். பெரியப்பாவின் மைனர் பண்ணையைக் கடந்தபோது அதற்குள் ஒன்பது பேர். கூரையில் இரண்டு மெத்தை, தையல் இயந்திரத்தின் தலை, அரிசி மூட்டை ஒன்று, கிடாரம் ஒன்று. எல்லாம் கொடிக்கயிற்றால் கட்டியிருந்தது. 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணமே பெயர்ந்தபோது அதே கூரை, அதே கயிறு. நாவற்குழிப் பாதையில் அந்த ஓர் இரவில் காரின் வேகமும் மனிதனின் நடையும் ஒன்றாயிருந்தன. கூரையில்லாத காருடன் வந்தவர்கள் மடியில் வைக்கக்கூடியதை மட்டுமே கொண்டுவந்தார்கள்.

கார் சாவகச்சேரியில் ஒரு வளவுக்குள் நின்றது. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் அந்நகர் அழிந்தது. பின்னர் போய்ப் பார்த்தபோது ஓடு மட்டும் இருந்தது. கூரை நடுவில் குழிந்திருந்தது. அதற்குள் பெரியப்பாவும் காலமாகியிருந்தார்.

2002இல் ஏ9 வீதி திறந்தபோதும், 2009க்குப் பின்னரும், தெற்கிலிருந்து பழைய கார் சேகரிப்பவர்கள் யாழ்ப்பாணத்துக்கு வரத் தொடங்கினார்கள். தடைக்காலம் பாதுகாத்துவைத்த வண்டிகளை அவர்கள் தேடிப்பிடித்து வாங்கினார்கள். இலங்கைக்கும் மைனருக்கும் உள்ள உறவு அத்துடன் முடியவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் மையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், 1990களில் அதன் உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்வித்தார். 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார் எதுவானாலும் விலை ஏறியது.

இன்றைய சந்தையில் மேசை திரும்பிவிட்டது. தொழிற்சாலை 1969 வரையே செய்த திறந்த மைனருக்கு மூடியதைவிடக் கூடுதல் விலை. எனவே மூடிய காரின் கூரையை வெட்டியெடுத்துத் திறந்த கார் என்று விற்பவர்களும் உண்டு. கூப் என்ற சொல்லின் பொருள் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். ஊருக்குப் போய் ஒன்றை வாங்கும் எண்ணமுள்ளவர்கள் தகட்டிலுள்ள உடல் இலக்கத்தை வாசியுங்கள். 1950களின் இறுதிக்குப் பிந்திய உண்மையான திறந்த வண்டியில் அது 'எம்.ஏ.டி.' என்று தொடங்கும், 'எம்.ஏ.எஸ்.' என்றிருந்தால் பிறந்தபோது அது நான்கு கதவுடன் கூரை போட்டுப் பிறந்தது. 'எம்.ஏ.2எஸ்.' என்றால் இரண்டு கதவு, அதற்கும் கூரை இருந்தது. அதன் பிறகு ஜாக்கை வைத்துக் கதவைத் திறந்து பாருங்கள்.