பாலைப் பற்றிய கேள்வி: நனிசைவத்தின் வரலாறு

புலால் உண்ணாமை குறித்த விவாதம் நமக்குப் புதிதன்று. திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. ஆயினும் நாம் 'சைவம்' என்று வழங்கும் உணவுமுறையில் பாலும் தயிரும் நெய்யும் எப்போதும் ஐயத்திற்கு அப்பாற்பட்டவையாகவே இருந்து வந்துள்ளன. அந்த ஐயத்தைத் துணிந்து எழுப்பியவர்கள் மிகச் சிலர். 'வீகன்' என்று உலகெங்கும் வழங்கப்படுவதும், தமிழில் 'நனிசைவம்' எனப் பெயர் பெற்றிருப்பதுமான வாழ்முறையின் வரலாறு அச்சிலரின் வரலாறே. இறைச்சி, மீன் ஆகியவற்றோடு பால், முட்டை, தேன், தோல், பட்டு, கம்பளி ஆகியவற்றையும் விலக்குவது அவ்வாழ்முறை. அதன் கேள்வி முதலில் எழுந்தது புலால் உண்போரை நோக்கியன்று, உண்ணாதோரை நோக்கி என்பதே இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது.

நமக்குத் தெரிந்தவரை இக்கேள்வியை முழுமையாக எழுப்பிய பழங்காலத்தவருள் முதன்மையானவர் ஓர் அரபுக் கவிஞர். சிரியாவின் மஅர்ரா நகரில் 973இல் பிறந்த அபுல் அலா அல்-மஅர்ரி, இளம் வயதிலேயே அம்மை நோயால் பார்வையை இழந்தவர். தம் வீட்டையும் குருட்டையும் இரு சிறைகள் என்று சொல்லிக்கொண்டு, வாழ்நாளின் பெரும்பகுதியைத் தனிமையில் கழித்தார். புலாலை மட்டுமன்றி, குட்டிக்கென்று தாய் சுரக்கும் பாலையும், பறவையின் முட்டையையும், தேனீ தனக்கெனச் சேர்த்த தேனையும் கொள்வது அநீதி என்பது அவர் கவிதையில் காணும் கருத்து. அவர் காலத்தில் இது சமயத்தை மீறும் செயலாகக் கருதப்பட்டது. பாத்திமிய அரசின் தலைமைச் சமயப் பரப்புநர் அவரிடம் விளக்கம் கேட்டு எழுதிய கடிதங்களும், கவிஞரின் பதில்களும் இன்றும் கிடைக்கின்றன. 1057இல் அவர் மறைந்தார். 2013இல் சிரிய உள்நாட்டுப் போரின்போது தீவிரவாதிகள் அவருடைய சிலையின் தலையைத் துண்டித்தனர்.

அல்-மஅர்ரியின் நோன்பு ஒரு தனிமனிதரின் நோன்பு. அது இயக்கமாக மாறியது இங்கிலாந்தில். அங்கே சைவ உணவாளர் சங்கம் 1847இல் தோன்றியது. 1888இல் சட்டம் படிக்க லண்டன் சென்ற காந்தி, ஹென்றி சால்ட்டின் நூலை வாசித்த பின்னரே, தாய்க்குக் கொடுத்த வாக்கிற்காக அல்லாமல் தாமே தேர்ந்து சைவ உணவாளரானதாகத் தம் சுயசரிதையில் எழுதுகிறார். ஆனால் காந்தியின் உண்மையான போராட்டம் பாலோடுதான் நிகழ்ந்தது. புலனடக்கத்திற்குப் பால் இடையூறு என்ற எண்ணம் அவருக்கு முதலில் இருந்தது. கல்கத்தாவில் கறவை மாடுகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைப் படித்தறிந்ததும், 1912இல் தால்ஸ்தாய் பண்ணையில் காலன்பாக்குடன் சேர்ந்து பாலைத் துறந்தார். 1918இல் கடும் வயிற்றுப்போக்கால் அவர் நலிவுற்றபோது, ஆட்டுப்பாலுக்கு நோன்பு தடையில்லையே என்றார் கஸ்தூரிபா. நோன்பு ஏற்கையில் தம் மனத்தில் இருந்தவை பசுவும் எருமையுமே என்ற சமாதானத்துடன் காந்தி இணங்கினார். நோன்பின் சொல்லைக் காத்து அதன் பொருளைக் கொன்றுவிட்டதாகப் பின்னர் அவரே எழுதினார். ஆட்டுப்பாலை அவருடைய எளிமையின் சின்னமாகவே நாம் கண்டு பழகியிருக்கிறோம். அவருக்கோ அது ஆறாத வடு.

1931 நவம்பரில் லண்டன் சைவ உணவாளர்களிடையே காந்தி உரையாற்றினார். ஹென்றி சால்ட்டும் அக்கூட்டத்தில் இருந்தார். உடல்நலத்தைவிட அறமே சைவ உணவின் அடிப்படையாக வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அந்நாட்டிலேயே அவ்வறத்தைப் பால் வரை நீட்டியவர் டொனால்டு வாட்சன் என்னும் தச்சுவேலை ஆசிரியர். சிறு வயதில் மாமன் பண்ணையில் பன்றி கொல்லப்படக் கண்டு, பதினான்கு வயதில் புலாலைக் கைவிட்டவர். இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். சைவ உணவாளர் சங்கத்தின் இதழில் பால் உண்ணாதவர்களுக்கு ஒரு பகுதி ஒதுக்குமாறு 1944இல் அவரும் எல்சி ஷிரிக்லியும் கேட்டனர். சங்கம் மறுத்தது. அவ்வாண்டு நவம்பரில் வாட்சனோடு ஆறு பேர் கூடி வீகன் சங்கத்தை நிறுவினர். 'வெஜிடேரியன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் இறுதி இரண்டு எழுத்துகளையும் இணைத்து இயற்றப்பட்டது அப்பெயர். சைவ உணவில் தொடங்கி அதன் தர்க்க முடிவு வரை செல்வது என்பது வாட்சன் அதற்குத் தந்த விளக்கம்.

உணவு விலக்காகத் தொடங்கியதை விலங்குகளைச் சுரண்டாத வாழ்க்கை என்னும் கொள்கையாக விரித்தவர் லெஸ்லி கிராஸ். 1951இல் சங்கம் அதனை ஏற்றது. இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை என்னும் வரம்பும் பின்னர் வரையறையில் சேர்ந்தது. நோயாளிக்கு மருந்தை மறுக்கும் விரதமன்று இது. 'பி12' வைட்டமின் பிரித்தெடுக்கப்பட்டது 1948இல்தான். இன்று அதைச் செறிவூட்டிய உணவாகவோ மாத்திரையாகவோ நனிசைவர் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். காந்திக்குக் கிட்டாத இவ்வறிவு நமக்குக் கிட்டியிருக்கிறது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். ஈன்றால்தான் பசு கறக்கும். ஈனும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்றுகள். ஏரும் வண்டியும் இருந்த காலத்தில் அவற்றுக்கு வேலை இருந்தது. டிராக்டர் வந்தபின் இல்லை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, எருமைகள் நீங்கலாக, இந்தியாவில் பசுக்கள் சுமார் 14.5 கோடி, காளைகளும் எருதுகளும் சுமார் 4.7 கோடி மட்டுமே. இந்த இடைவெளியில் இருப்பவை கைவிடப்பட்ட, பட்டினியிட்ட, விற்கப்பட்ட கன்றுகள். வாங்குவோரே விற்போரை உருவாக்குகின்றனர் என்பது வள்ளுவர் புலாலுக்குக் கூறிய வாதம். பால் பாத்திரத்தின் முன் அவ்வாதம் நின்றுவிட நியாயம் உண்டா?

இரண்டு மாடுகளை நம்பிக் குடும்பம் நடத்தும் எளிய மனிதருக்கு இக்கேள்வி பிழைப்பைப் பற்றியது. அவரைக் குற்றவாளியாக்குவது அறமாகாது. ஆனால் உணவைச் சாதியோடு பிணைத்து, புலால் உண்பவரைத் தாழ்ந்தவர் எனக் கருதும் சமூகம் நம்முடையது. நெய் மணக்கும் சைவ விருந்தின் பின்னும் ஒரு கன்று இருக்கிறது என்று நனிசைவம் நினைவூட்டும்போது, அந்த உயர்வு தாழ்வு தன் ஆதாரத்தை இழக்கிறது. பிறரை நோக்கி நீட்டிய விரலை மடக்கி, நம் கையிலிருக்கும் தம்ளரைப் பார்க்கச் சொல்வதே அது. இத்தேர்வை ஏற்காதவர்களும் அக்கேள்வியைக் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள் என்றே நாம் கருதுகிறோம்.