நிபந்தனையும் குழுவும்: ஜொகூர்த் தமிழ்ப் பிள்ளைகளும் ஆங்கில இலக்கணமும்

ஜொகூர்த் தமிழர் ஆங்கிலம் கற்ற வரலாற்றைப் பேசுவோர் பள்ளிகளையும் சட்டங்களையுமே பெரிதும் பேசுவர். இலக்கணத்திற்கும் அவ்வரலாற்றில் இடமுண்டு. நம் மாணவரைத் தலைமுறைதோறும் இடறச் செய்யும் ஆங்கிலப் பகுதிகளுள் இரண்டினை இவ்வுரை ஆராய்கின்றது. நிபந்தனை வாக்கியம் ஒன்று. குழுவைக் குறிக்கும் பெயர் ஒருமை வினை கொள்ளுமா, பன்மை வினை கொள்ளுமா என்பது மற்றொன்று.

1914ஆம் ஆண்டில் ஜொகூர் பாருவில் ஆங்கிலக் கல்லூரி தொடங்கப்பெற்றது. இன்று அது சுல்தான் அபு பக்கார் கல்லூரி என வழங்குகின்றது. நகரத்துப் பிள்ளைகளுக்கு அவ்வாயில் அருகிலிருந்தது. இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த பிள்ளைகளுக்கோ தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியே கல்விக்கூடம். மரம் சீவுவோரின் பிள்ளை கிராணியாக உயர வேண்டுமெனில் ஆங்கிலம் வேண்டும். அவ்வாங்கிலத்தை அடையும் வழியோ மிகக் குறுகியது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடமாக வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் முதலாம் ஆண்டிலிருந்து படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தோர் பலர் புகுமுக வகுப்பைக் கடந்தே படிவம் ஒன்றில் அமர்ந்தனர். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அக்கொள்கை கைவிடப்படும் என 2009இல் அறிவிக்கப்பட்டது. கொள்கைகள் மாறிமாறி வந்தன. பிள்ளையின் நாவிலிருந்த தாய்மொழி இலக்கணமோ மாறவில்லை.

தோட்டத்து வாழ்வே நிபந்தனையால் ஆனது. மழை பெய்தால் மரம் சீவ இயலாது என்பது அங்குள்ள குழந்தையும் அறிந்த உண்மை. ‘பெய்தால்’ என்னும் அச்சொல்லை உற்றுநோக்குக. மழை இன்னும் பெய்யவில்லை. எனினும் சொல்லினுள் இறந்தகால இடைநிலையாகிய தகரம் நிற்கின்றது. ஆங்கிலமோ இவ்விடத்தில் நிகழ்கால வடிவத்தைக் கொண்டு எதிர்காலத்தைச் சுட்டும். வடிவம் காட்டும் காலமும் பொருள் காட்டும் காலமும் வேறாதல் இருமொழிக்கும் பொது. இதனை எடுத்துக்காட்டினால் ‘இஃப் இட் வில் ரெய்ன்’ என எழுதும் மாணவர்க்கு ஐயம் தெளியும்.

தொல்காப்பியரும் நன்னூலாரும் வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செயின்’ என்பதனை வைத்தனர். இன்று அதன் பணியைச் ‘செய்தால்’ என்னும் வடிவம் ஆற்றுகின்றது. இரண்டும் எச்சங்களே ஆதலின் திணை, பால், எண், இடம் காட்டா. நான் வந்தால், அவள் வந்தால், அவர்கள் வந்தால் என யாவர்க்கும் சொல் ஒன்றே. ஆங்கிலத்தில் ‘இஃப்’ என்னும் சொல்லை அடுத்து வருவது முற்றுவினை; அஃது எழுவாய்க்கேற்ப மாறும். ‘இஃப் ஷீ கம்’ என மாணவர் எழுதுவதற்குரிய காரணங்களுள் ஒன்று இங்கேயுள்ளது. மலாய்மொழியும் இவ்வழக்கத்திற்குத் துணை செய்யும். அங்கு ‘டாத்தாங்’ என்னும் வினை எல்லா எழுவாய்க்கும் திரியாது நிற்கும்.

ஆங்கில ஆசிரியர் நிபந்தனையைப் பொதுவாக மூவகையாகக் கற்பிப்பர். நடக்கக்கூடியது முதல்வகை, வெறும் கற்பனை இரண்டாம் வகை, நடவாது போனது மூன்றாம் வகை. ‘மழை பெய்திருந்தால் பயிர் விளைந்திருக்கும்’ என்னும் தமிழ்த்தொடர் மூன்றாம் வகைக்கு நன்கு பொருந்துகின்றது. இருமொழியும் துணைவினை கொண்டே அப்பொருளை உணர்த்துகின்றன. ஆனால் ‘நான் அரசனாக இருந்தால்’ என்னும் கற்பனைக்கும், ‘அவர் வீட்டில் இருந்தால்’ என்னும் நடக்கக்கூடிய செய்திக்கும் தமிழில் வடிவம் ஒன்றே. எனவே இரண்டாம் வகையே நம் மாணவர்க்குக் கடினம். பயிற்சி மிகுதியும் வேண்டப்படுவது அங்கேதான்.

இனிக் குழுப்பெயர். தொல்காப்பியக் கிளவியாக்கம் குழு, அரசு முதலிய சொற்களைத் தொகுத்து, அவை பொருளால் உயர்திணையாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் என வரையறுத்தது. ‘குழு கூடியது’, ‘அரசு ஆணையிட்டது’ என நாம் இன்றும் எழுதுவது அம்மரபின்படியே. ஆங்கிலத்தில் 1795இல் லிண்ட்லி மர்ரே வெளியிட்ட இலக்கணம், இத்தகைய பெயர்கள் பொருள் நோக்கி ஒருமையோ பன்மையோ கொள்ளலாம் என்றது. பிரித்தானிய வழக்கு ‘கமிட்டி இஸ்’, ‘கமிட்டி ஆர்’ என்னும் இரண்டையும் ஏற்கும். அமெரிக்க வழக்கு ஒருமையையே பெரிதும் விரும்பும். பிரித்தானிய மரபில் வளர்ந்த மலேசிய வகுப்பறையில் இரண்டும் இன்று எதிர்ப்படுகின்றன. தமிழ்ப்பிள்ளை இயல்பாகவே ஒருமையைத் தேர்வது இலக்கணத்திற்கு மாறானதன்று. ஆயினும் ‘போலீஸ்’ என்னும் சொல் ஆங்கிலத்தில் பன்மை வினையே கொள்ளும். ‘காவல்துறை வந்தது’ எனப் பழகிய மனம் அங்கே தவறும்.

ஆசிரியப் பெருமக்களே, ஆங்கிலத்திற்காகத் தமிழ்ப்பள்ளியைத் துறக்க வேண்டும் என்னும் குரல் நம் காலத்திலும் கேட்கின்றது. மேற்கூறியவை அதற்கு ஒருவாறு விடை தரும். எச்சமும் முற்றும் அறிந்த மாணவனுக்கே இவ்வேறுபாடுகளை விளக்கிக் காட்ட இயலும். ஆகவே தமிழிலக்கண நேரத்தைக் குறைத்து ஆங்கிலத்திற்கு ஈவது, ஏணியின் கீழ்ப்படியை அறுத்து மேற்படியில் பொருத்துவதற்கு ஒப்பாகும். மாணவரின் பிழையைச் சிவப்பு மையால் அடிக்குமுன், அது எம்மொழியின் விதியிலிருந்து பிறந்தது என வினவுக. அவ்வினாவிற்கு விடை காணும் மாணவன் இருமொழியையும் ஒருசேரக் கற்பான்.