சுவார்ட்ஸ், சரபோஜி, வேதநாயகம் சாஸ்திரியார்: தஞ்சையில் சமய வழிகாட்டலும் நிர்ப்பந்தமும்

சமய குரு ஒருவர் அன்பினால் வழிநடத்துகிறாரா, தம் விருப்பத்துக்கு ஆட்டிவைக்கிறாரா என்பதை அவருடைய இனிய பேச்சைக் கொண்டு அறிய முடியாது. சீடன் 'மாட்டேன்' என்று சொல்லும்போது அது தெரியும். தஞ்சாவூரின் சீர்திருத்தக் கிறித்தவ வரலாற்றில் இதற்கு இரண்டு சான்றுகள் அருகருகே கிடைக்கின்றன.

ஜெர்மானிய மிஷனரியான கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் (1726–1798) 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் திருச்சியிலும் தஞ்சையிலும் பணியாற்றினார். தஞ்சை மராட்டிய மன்னர் துளஜா 1787இல் சரபோஜி என்ற பத்து வயதுச் சிறுவனைத் தத்தெடுத்து, அவனுக்குக் காப்பாளராக இருக்கும்படி சுவார்ட்ஸிடம் கேட்டார். ஓர் இளவரசனே கைக்கு வந்து சேர்கிறான். மதம் பரப்ப வந்தவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு ஏது? ஆனால் சுவார்ட்ஸ் தயங்கினார். மன்னரின் உறவினரான அமர்சிங்கே பொறுப்பேற்பது முறை என்று யோசனை சொன்னார்.

அந்த யோசனை நல்லபடியாக முடியவில்லை. அமர்சிங் அரியணை ஏறினார். சிறுவனோ கல்வியின்றி ஏறக்குறைய சிறைவைக்கப்பட்டான். சுவார்ட்ஸ் சென்னை அரசிடம் முறையிட்டார். 1793இல் சரபோஜி சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அங்கே கெரிக்கே என்ற மிஷனரியின் மேற்பார்வையில் படித்தார். 1798இல், சுவார்ட்ஸ் இறந்த சில மாதங்களில், மன்னரானார்.

இத்தனைக்குப் பிறகும் சரபோஜி கிறித்தவராகவில்லை. அதற்காகச் சுவார்ட்ஸின் அன்பு குறையவும் இல்லை, பாதுகாப்பு விலகவும் இல்லை. சரபோஜி அவரைத் தந்தையாகவே கருதினார். இலண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்து, சிவகங்கைக் கோட்டைத் தேவாலயத்தில் வைத்தார். மரணப் படுக்கையில் இருக்கும் குருவின் அருகில் மன்னர் நிற்கும் அந்தச் சிற்பத்தை இன்றும் காணலாம். தஞ்சை செல்லும் மாணவர்கள் பெரிய கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். சில நிமிட நடையில் இருக்கும் இதையும் பார்க்க வேண்டும். மறுபக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. சரபோஜி பட்டமேற்றது கும்பினிக்கும் வசதியாகவே இருந்தது. 1799 உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் அதன் கைக்குப் போய்விட்டது.

சுவார்ட்ஸின் மற்றொரு மாணவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்த அவரைச் சிறுவயதிலேயே தந்தையின் சம்மதத்துடன் சுவார்ட்ஸ் தஞ்சைக்கு அழைத்து வந்தார். ஆசிரியராகவும், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய புலவராகவும் அவர் புகழ்பெற்றார். 1820களில் வந்த இளைய மிஷனரிகளோடுதான் மோதல் வந்தது. அவர்கள் பழக்கமான பெப்ரிசியஸ் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றினர். எல்லாச் சாதியாரும் சேர்ந்து உட்கார்ந்து நற்கருணை பெறவேண்டும் என்றனர். விழாக்களில் பூ அலங்காரத்தையும் ஆலயத்தில் தமிழ் இசைப்பாட்டையும் விலக்கினர். சாஸ்திரியார் இவற்றை நான்கு கொடுமைகள் என்று எழுதி எதிர்த்தார். 1829இல் அவர் வேலை போயிற்று.

இங்கே நிதானம் வேண்டும். சாதி விஷயத்தில் நியாயம் மிஷனரிகள் பக்கமே இருந்தது. வேளாளரான சாஸ்திரியார் காக்க நினைத்த பிரிவினை, அதே ஆலயத்தில் ஒதுங்கி உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு எவ்வளவு கசந்திருக்கும்! சுவார்ட்ஸின் மென்மைதான் அந்தப் பிரிவினையை அத்தனை காலம் அப்படியே இருக்கவும் விட்டது. அதனால் சுவார்ட்ஸ் நல்லவர், பின்வந்தவர்கள் கெட்டவர்கள் என்று பிரித்துவிட முடியாது. ஆனால் பூவையும் பாட்டையும் சாதியோடு ஒரே தட்டில் வைத்ததும், மறுத்தவரின் சம்பளத்தில் கைவைத்ததும் போதனை ஆகுமா? சோற்றைப் பிடித்துக்கொண்டு மனச்சாட்சியிடம் பேரம் பேசுவது வேறு வகையைச் சேர்ந்தது. நோக்கம் நல்லதாக இருக்கும்போது இதை அடையாளம் காண்பது இன்னும் கடினம்.

கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல், சாதி வேறுபாடுகளை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு விலகினர். இணங்காத உபதேசியார்கள் வேலை இழந்தனர். விலகியவர்களில் ஒரு பகுதியினர் பின்னாளில் லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தனர். பிரிவினை அவர்களோடு அங்கேயும் போயிற்று.

வேலையிழந்த சாஸ்திரியாருக்குக் கைகொடுத்தவர் சரபோஜி. கிறித்துவையே பாடிய புலவரை, இந்துவாகவே இருந்த அந்த மன்னர் தம் அரண்மனைப் புலவராக ஏற்று, 1832இல் தாம் இறக்கும்வரை ஆதரித்தார்.