ஊருக்குப் போய்வந்த நாள்கள்

பதுளை மாவட்டத்திலே, கொஸ்லந்தைக்கு அண்மையில், மலைச்சரிவொன்றில் அமைந்த தோட்டப் பிரிவு மீரியபெத்த. ஊவாவின் ஏனைய தோட்டங்களிற்போலவே, தமிழகத்திலிருந்து பெருந்தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களே இங்கும் வாழ்ந்தனர். சொந்த ஊரில் கலியாணமோ கருமாதியோ நேர்ந்தால், தோட்டத்து மக்கள் ரயிலேறித் தலைமன்னாரை அடைவர். 1914 ஆம் ஆண்டு தொடங்கிய கப்பற் சேவையில் தனுஷ்கோடிக்குக் கடந்து, உற்றாருடன் சில காலம் தங்கித் திரும்புவர். அந்நாள்களை எண்ணிவைக்க வேண்டுமென்று அப்பொழுது எவருக்கும் தோன்றவில்லை.

எண்ண வேண்டிய காலம் பின்னர் வந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். மறு ஆண்டு இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், விண்ணப்பித்து உரிமை பெற ஒரு வழியைக் காட்டிற்று. மணமானவர் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும், அதன்பின் விண்ணப்பிக்கும் நாள்வரையும் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்திருத்தல் வேண்டும். ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் அத்தொடர்ச்சி அறுந்துவிடும். தாயின் நோய்க்காகச் சென்று, பதினான்கு மாதங்கழித்துத் திரும்பியவனின் நிலை யாது? மகனுக்குரிய கடமையைச் செய்ததே அவனது உரிமைக்குத் தடையாயிற்று.

விண்ணப்பத்துடன் சத்தியக் கடதாசியும் இணைக்கப்படல் வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாதவர் பலர். கையெழுத்திட அறியாதவரும் பலர். தொழிற்சங்கத்தார் உதவிய இடங்கள் உண்டு. அவ்வுதவி எட்டாதவர்க்குக் கூலி பெற்றுப் படிவம் நிரப்பும் பெட்டிசம் எழுத்தரே கதி. எழுத்தர் கேட்பார், தொழிலாளி நினைவிலிருந்து சொல்லுவார். திருவிழாவையும் மழைக்காலத்தையும் அடையாளமாகக் கொண்டு சொன்ன பயணம், படிவத்திலே ஒரு திகதியாக மாறும். அத்திகதி தோட்டப் பேரேட்டுடன் முரண்பட்டால், விசாரணையின்போது விடை சொல்ல வேண்டியவர் எழுத்தர் அல்லர். பெருவிரல் அடையாளமிட்ட தொழிலாளியே.

1951 ஆகஸ்டு வரை வந்த விண்ணப்பங்கள் ஏறக்குறைய 237,000. அவற்றில் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஈற்றில் உரிமை பெற்றவர்களோ ஏறத்தாழ ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானவர்களே. எஞ்சியோரைப் பற்றி 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரு பிரதமர்கள் ஒப்பந்தஞ் செய்தனர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேர் பிற்பாடு தீர்மானிக்கப்படுவர் என்பது ஏற்பாடு. இறுதியாக மிஞ்சியவர்களுக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமே உரிமை வழங்கிற்று.

அவ்வொப்பந்தத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைய ஒரு நாளிருக்கையில், 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை, மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மாண்ட உயிர்களுக்கு ஈடில்லை. தகரப் பெட்டிகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த பத்திரங்கள் எத்தனை அம்மண்ணில் மறைந்தன என்பதை யார் கணக்கிட்டார்?

இன்று உறவினரைக் காணச் சில வாரங்களுக்குச் செல்வோரும் விசாவுக்காகப் பணங்கொடுத்துப் படிவம் நிரப்புவிப்பது உண்டு. அதில் தவறில்லை. ஆயினும் எழுதியதை வாய்விட்டு வாசிக்கச்செய்து, போன நாளையும் வந்த நாளையும் ஒத்துப்பார்த்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்த பின்னரே ஒப்பமிடுதல் வேண்டும். ஒரு திகதிக்கு எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதை மலையகம் பட்டறிந்திருக்கிறது.