மேகம் வரைந்த கேப்டன்

நாமகிரிப்பேட்டையிலிருந்து போதமலையைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினால் வரும் பதில் ஒன்றுதான்: "சூப்பர் மச்சி". எடுத்தவனுக்கு இதில் என்ன லாபம்?

நம்ம பழைய சேலம் மாவட்டத்தை 1850களிலேயே படம் பிடித்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். கம்பெனிப் படை அதிகாரி. 1855ல் சென்னைக் கண்காட்சியில் 68 படங்கள் வைத்தார். நடுவர் குழு பாராட்டியது. அடுத்த வருடமே சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார். ராயக்கோட்டை (இன்று கிருஷ்ணகிரி மாவட்டம்) உள்ளிட்ட சேலம் மாவட்டப் படங்களின் தொகுப்பு 1858ல் வந்தது.

அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் நீல ஒளி அளவுக்கு மீறிப் பதியும். வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ் மீதே தூரிகையால் மேகம் வரைந்தார்! குறை எது என்று தெளிவாகத் தெரிந்ததால் வழியும் கிடைத்தது.

1859ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்றார். 1860ல் வேலையே நின்றுபோனது. செலவைப் பற்றிய தீர்ப்பு அது. படத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

"சூப்பர்" என்றால் படம் வளராது. "வேஸ்ட்" என்றால் ஆளே ஓடிவிடுவான். "வானம் வெளுத்திருக்கு, காலை 7 மணிக்கு எடுத்துப் பாரு" என்று ஒரு வரி போதும். என் படத்துக்கும் அப்படியே சொல்லுங்க நண்பர்களே!