பனி மேல் விழுந்த பழி

மார்கழி மாதம். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இரைக்கிறது என்று வையுங்கள். முதல் விசாரணை யாரிடம் நடக்கும்? பெற்றவளிடம்தான்! "பச்சப்புள்ளைய பனியில காட்டினியா? தலைக்குத் தண்ணி ஊத்தினியா?"

பாவம், பனி! முக்கியக் குற்றவாளி 1956-ல்தான் பிடிபட்டான். அதுவும் எங்கே? அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில், ஜலதோஷம் பிடித்த சிம்பன்ஸிகளிடம்! மறுவருஷமே ராபர்ட் சானக் என்ற டாக்டர், பால்டிமோர் நகரத்துக் குழந்தைகளிடம் அதே வைரஸைக் கண்டார். ஆர்.எஸ்.வி. என்று பெயர் வைத்தார்கள். உங்களுக்கும் எனக்கும் வந்தால் பெரும்பாலும் வெறும் ஜலதோஷம். சில மாதக் குழந்தைக்கு வந்தால், நுண்ணிய மூச்சுக்குழல்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும்.

1966-ல் தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். விபரீதம்! ஊசி போட்ட குழந்தைகளுக்கு வைரஸ் தொற்றியபோது நோய் இன்னும் முற்றியது. இரண்டு குழந்தைகள் இறந்தன. கர்ப்பிணிக்குப் போட்டு, பிறக்கப்போகும் பிள்ளையைக் காக்கும் ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 2023 ஆகிவிட்டது.

சரி, ஊசி எங்கே அதிகம் தேவை? அதற்குக் கணக்கு வேண்டுமே! 2019-ல் உலகம் முழுக்க ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 1,01,400 குழந்தைகள் இந்த வைரஸால் இறந்ததாக ஒரு மதிப்பீடு. அதில் ஆஸ்பத்திரியில் இறந்தவை சுமார் 26,300 மட்டுமே. மிச்சக் குழந்தைகள்? வீட்டில், போகிற வழியில்... எந்த ஆஸ்பத்திரி நோட்டிலும் ஏறாமல்!

ஆக, வைரஸைத் தேடி வீட்டு வாசலுக்கே போக வேண்டும். மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி 1988-லேயே நிமோனியாவுக்கு எதிராக இந்த வழியில் இறங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளுக்காக அவர்கள் செய்த கருவி என்ன தெரியுமா? ஒரு நிமிஷ மணல் கடிகாரமும் கொஞ்சம் மணிகளும்! பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணி வந்தால் ஆபத்து.

மூச்சை எண்ணினால் ஆபத்து தெரியும்; ஆபத்தின் பெயர் தெரியாது. அதற்கு மூக்குச் சளியைச் சோதிக்கணும். அதே மகாராஷ்டிராவின் மேல்காட் மலைக் கிராமங்களில் 2016-ல் தொடங்கிய ஆய்வு அதைத்தான் செய்தது. வீட்டிலேயே இறந்துபோன குழந்தைகளையும் அது விட்டுவிடவில்லை.

ஆய்வுக்கூடம் வரும்போது வரட்டும். கடிகாரம் உங்களிடமே இருக்கிறது. ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50... மூச்சு அதைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்!